ஓடைக்கரையில் நான் போட்ட பாதை

1

வைகாசி மாதத்து முதல் சனிக்கிழமை எங்கள் பகுதியில் ‘டுக்னாட்’. ஊரில் இருப்பவர்களுக்குச் சிரமதானம் என்றால் விளங்கும். பனி உருகி முடிந்ததும் அயலவர் எல்லாரும் கையுறையும் மண்வெட்டியுமாக வந்து பொதுவிடத்தைத் துப்புரவாக்குவார்கள். தலைவர் உரை இல்லை, மாலை மரியாதை இல்லை. வேலை முடிந்ததும் கோப்பியும் இரும்பு அச்சில் சுட்ட வாஃபிளும் தருவார்கள். நான் இருப்பது ஒஸ்லோவுக்கு வெளியே, ஒரு சின்ன ஓடையை ஒட்டிய தொடர்மாடியில். அந்த ஓடைக்கரையையும் அதன் நடைபாதையையும் பராமரிக்கும் குழுவில் நானும் ஒருவன்.

இந்த முறை வாஃபிளுக்கு வரிசையில் நின்றபோது இங்கர் என்னைக் கூப்பிட்டார். இங்கர் ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் குழுவுக்குப் பொறுப்பானவர்.

“புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உன் நாட்டு ஓடையின் படங்களைக் காட்டேன். முதலில் எப்படி இருந்தது, நீ அதை எப்படி மாற்றினாய் என்று அவர்கள் பார்க்கட்டும்.”

“படங்கள் அழிந்துபோய்விட்டன” என்றேன்.

படங்கள் என் சேர்ட் பையில் இருந்த தொலைபேசியில்தான் இருந்தன. எடுத்த திகதி, இடம், நின்றவர்களின் பெயர் எல்லாவற்றோடும் இருந்தன. நான் எதையும் அப்படித்தான் வைத்திருப்பேன். இங்கர் உடனே நம்பினார். “ஐயோ, எவ்வளவு அழகான படங்கள்” என்று என் தோளைத் தடவிவிட்டுப் போனார். வாஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், சாப்பிட முடியவில்லை.

அந்தப் படங்களை ஏன் காட்ட முடியாது என்பதை இங்கருக்கு நோர்வேஜிய மொழியில் சொல்ல என்னால் ஏலாது. தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

2

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். சீனி கூடிவிட்டது, நாளும் நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓடை இருப்பதையே கவனித்தேன். அத்தனை வருடமும் பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் அதைக் கடந்துகொண்டுதான் இருந்தேன். பிறகு குழுவில் சேர்ந்தேன். கரை அரிக்கும் இடத்தில் வலை விரிப்பது, அதற்குள்ளே செடி நடுவது, பாதைக்குச் சரளைக்கல் போட்டு இடிப்பது எல்லாம் பழகினேன். கரைக்கு விரிக்கும் அந்த வலை தென்னந்தும்பால் செய்தது. அதன் சிட்டையில் ‘இலங்கையில் செய்தது’ என்று இருந்தது. அதை முதலில் கண்ட அன்று நான் எல்லாரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன்.

மொழியில் இன்னும் சறுக்குவேன். இந்த நாட்டில் ஓடைக்கும், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு வைக்கும் சட்டிக்கும் கேட்க ஒரேமாதிரியான சொல். முதல் கூட்டத்தில் நான் எழுந்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், எனக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு, ஓடையை நானே துப்புரவாக்கித் தருவேன் என்று சொன்னேன். ஓடை என்று நினைத்து என் வாயில் வந்தது சட்டியின் சொல். இங்கர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு இப்போதும் ஞாபகம்.

எரிச்சல் தந்த ஒன்றும் உண்டு. பாதை ஓரத்தில் சரிந்து நின்ற ஒரு மரத்தை வெட்ட, ஒரு குளிர்காலம் முழுவதும் காத்திருந்தோம். நகரசபைக்கு விண்ணப்பம். சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அறிவித்தல். ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று தவணை. ஒரு மூதாட்டி, அந்த மரத்தில் ஒரு பறவை வந்து இருக்கும், அதை யன்னலால் பார்ப்பது தன் வழக்கம் என்று எழுதியிருந்தார். அதற்கென்று மறுபடியும் ஒரு கூட்டம். “எங்கள் ஊரில் இது ஒரு பின்னேரத்து வேலை” என்று நான் இங்கருக்குச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

3

எங்கள் ஊர் இலுப்பைக்கடவைக்குப் பக்கத்தில், கடலுக்கும் வயலுக்கும் நடுவில். குளத்திலிருந்து கசிந்து வரும் ஓடை ஒன்று வயல்களின் ஓரமாக வந்து, கடல்நீர் உள்வாங்கி நிற்கும் களப்பில் விழும். கோடையில் ஓடை அறுந்துபோனாலும் ஓரிடத்தில் மடு உண்டு, அதில் நல்ல தண்ணீர் நிற்கும். வீட்டுக் கிணறுகள் எல்லாம் உவர். யுத்தகால இடப்பெயர்வுக்குப் பிறகு சனம் திரும்பிவந்து வீடு கட்டத் தொடங்கியதும், ஓடையில் உழவு இயந்திரங்களை இறக்கி மணல் அள்ளினார்கள். கரை இடிந்து, வேர்கள் வெளியே தொங்கின.

2016 ஆடியில் மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்பதற்கு அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். வரமாட்டேன் என்பாள் என்று நினைத்தேன், வந்தாள். என் தங்கை சரசு வீட்டில் தங்கினோம். பின்னேரமானால் ஆரணி தன் மாமியோடு கையில் சவர்க்காரமும் தோளில் துவாயுமாகப் படலையைத் திறந்துகொண்டு போவாள். பொழுதுபடத் தலை ஈரத்தோடு வருவாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்டதில்லை. அவள் தமிழில் நீளமாகக் கதைக்கத் தொடங்கியிருந்தாள். ஊர்க்காற்றின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இடிந்த கரையைப் பார்த்த நாளே தீர்மானித்துவிட்டேன். கரையைக் கட்டுவது, அதன்மேல் குளத்தடியிலிருந்து களப்பு வரைக்கும் கிரவல் போட்டு ஒரு நடைபாதை அமைப்பது, தண்ணீரைப் பார்த்தபடி இருக்க ஒரு வாங்கு போடுவது, எங்கள் அம்மா செல்லம்மாவின் ஞாபகமாக ஒரு பலகை வைப்பது. ஒஸ்லோவில் உள்ள எங்கள் ஊர்க்காரரும் உதவ முன்வந்தார்கள்.

ஒழுங்காகத்தான் செய்தேன். கிராம சேவகரைக் கண்டேன். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். ஒரு கந்தோரில் பொறுப்பானவர் கூட்டத்தில், இன்னொன்றில் லீவில், மூன்றாவதில் கடிதம் சிங்களத்தில் வேண்டுமாம். எல்லாவற்றையும் பெற்றேன். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர் என் தங்கையின் புருஷன் யோகன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தான். நான் பெரிய தாளில் வரைபடம் கீறிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினேன்.

“இந்த வளைவிலை தாழைப்பத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது. அதை எடுத்தால் பாதை நேராய்ப் போகும், மடுவும் வடிவாய்த் தெரியும்” என்றேன்.

ஆண்கள் எல்லாரும் வரைபடத்தைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். இன்னொருவர், “அந்தப் பக்கமோ?” என்று மெல்லக் கேட்டார். “ஓம், அந்தப் பக்கம்தான்” என்றேன். யோகன் நிலத்தைப் பார்த்தபடி, “சரி, மச்சான் மினக்கெட்டுச் செய்யிறார், எல்லாரும் ஒத்துழையுங்கோ” என்று கூட்டத்தை முடித்தான்.

மாதர் சங்கத்திடமும் போனேன். எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று கேட்கத்தான் போனேன். சரசு வெங்காயம் உரிக்க, பூமணியக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சங்கத்தின் தலைவி, எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவர், வாய்க்காரி என்று பெயர் எடுத்தவர்.

“தம்பி எதை வெட்டப்போறியள்?”

“தாழையை அக்கா. எடுத்தால் தண்ணி தெரியும்.”

“ஓ, தண்ணி தெரியுமோ?” என்று சொல்லிவிட்டு சரசுவைப் பார்த்தார். சரசு வெங்காயத்தைப் பார்த்தாள். “நல்லது தம்பி. சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. காணுமோ?”

“தாராளம்” என்றேன்.

4

சிரமதானம் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கத்தியோடும் மண்வெட்டியோடும் நின்றார்கள். மன்னாரிலிருந்து மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. அதற்குத் தாழை ஒரு விடயமேயில்லை. வேரோடு பிடுங்கி உருட்டியது. அந்தப் பத்தைக்குப் பின்னால், மடுவின் ஓரத்தில், தட்டையான கற்கள் பரவலாகக் கிடந்தன.

“ஐயா, இந்தக் கல்லுகளை என்ன செய்யிறது?” என்று பெக்கோ சாரதி கேட்டான்.

“கரைக்குக் கீழை அடுக்குங்கோ. நல்ல கல்லு. அரிக்காது.”

எங்கள் பக்கம் மணல். அங்கே கல் தானாகக் கிடக்காது. இது எனக்குத் தெரியாதா? நான் அந்த மணலில் வளர்ந்தவன். ஆனால் என் வயதில் பாதிக்கு மேல் நோர்வேயில் போய்விட்டது. அங்கே காலடியெல்லாம் கல், ஓடைக்கரையெல்லாம் கல், அவை யாருக்கும் சொந்தமில்லை. கல்லைக் கண்டதும் என் கண் அதை நோர்வேக்காரனின் கண்ணால் பார்த்தது. இங்கர் குழுவில் பழகியபடி, பெரியதை அடியில் வைத்து, சிறியதை இடுக்கில் செருகி, பின்னால் மண் நிரப்பி, நானே பக்கத்தில் நின்று அடுக்குவித்தேன். தும்புவலை விரித்து மருதங்கன்றுகள் நட்டோம். கிரவல் பரவி இடித்தோம். வாங்குக்குச் சீமெந்து பூசினோம்.

மதியம் பெண்கள் சோற்றுப் பார்சல்களைக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் புதிய பாதையின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். பார்சல்களை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அதுமட்டும் சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

பின்னேரம் பலகையைத் திறந்துவைத்தோம். ‘செல்லம்மா ஞாபகார்த்த நடைபாதை’. நான் அழுதேன். யோகன் என் முதுகைத் தட்டினான். அன்று இரவு ஆரணி சாப்பிடாமல் படுத்தாள். “தலையிடிக்குதாம்” என்றாள் சரசு.

5

அந்த மார்கழியில் இங்கர் நூலகத்தின் சிறிய மண்டபத்தில் ஒரு கூட்டம் ஒழுங்கு செய்தார். நான் படங்களைக் காட்டிப் பேசவேண்டும். மொழிக்கு உதவியாக ஆரணியைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். முன்னர், பின்னர், முன்னர், பின்னர் என்று படங்கள் மாறின. பச்சைக்காடாய் நின்ற தாழை, பிறகு திறந்து கிடக்கும் தண்ணீர். கைதட்டினார்கள். ஒரு வயதானவர் கையை உயர்த்தினார்.

“கற்களை அழகாக அடுக்கியிருக்கிறாய். எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?”

“அங்கேயே கிடந்தன” என்றேன்.

பக்கத்தில் இருந்த ஆரணி தன் கோப்பையைக் கீழே வைத்தாள். காரில் ஏறிய பிறகுதான் தொடங்கினாள். அவளுக்குக் கோபம் நோர்வேஜிய மொழியில்தான் வரும்.

“அவை சும்மா கிடக்கவில்லை, அப்பா. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு வீட்டினுடையது. பெண்கள் உடுப்புத் தோய்க்கிற கற்கள். ஒரு வீட்டுக் கல்லில் இன்னொரு வீடு இருக்காது. மாமி என்னை அப்பம்மாவின் கல்லில் இருத்தித்தான் முதுகு தேய்த்துவிட்டார். அந்தச் செடிகள்தான் அங்கே சுவர். நீங்கள் சுவரை உடைத்து, கற்களைப் புதைத்து, எதிரே ஒரு வாங்கும் போட்டீர்கள்.”

என்னால் காரை எடுக்க முடியவில்லை. கண்ணாடியில் பனி படிந்துகொண்டிருந்தது.

“ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?”

“மாமி சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்.” பிறகு தமிழில் சொன்னாள்: “அப்பா, அதிலை நான் குளிச்சனான்.”

6

மறுநாள் சரசுவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஆர் சொன்னது? பிள்ளையோ?” என்றாள் எடுத்த எடுப்பில். “சொல்லவேண்டாமெண்டெல்லோ சொன்னனான்.”

“நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“என்னண்டு அண்ணை சொல்லுறது? நீங்கள் கிரவல் தூசியோடை வந்து நிண்டுகொண்டு, சரசு, அம்மான்ரை பேரிலை ஒரு நல்ல காரியம் செய்துபோட்டன் எண்டு சொல்லுறியள். அதுக்கு மேலை நான் எந்த வாயாலை சொல்லுறது?”

“இப்ப எங்கை குளிக்கிறியள்?”

“பொம்பிளையள் குளத்தடிக்குப் போகினம், வெய்யிலுக்குள்ளை. ஏலாத கிழவியள் கிணத்து உவர்த்தண்ணியை வார்க்கினம். உங்கடை வாங்கிலை பின்னேரத்திலை பெடியள் மோட்டச்சைக்கிளோடை வந்து குந்தியிருக்கிறாங்கள்.”

“நீயும் குளத்தடிக்கோ?”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“என்னை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை அண்ணை. முந்தி ஒவ்வொரு நாளும் படலையிலை வந்து நிண்டு கூப்பிடுவினம். இப்ப எங்கடை படலையைத் தாண்டிப் போகினம். சத்தம் போடாமல் போகினம்.”

இடப்பெயர்வு முழுவதும் அந்தப் பெண்களோடுதான் சரசு இருந்தாள். ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே பானையில் சமைத்தவர்கள். நான் அப்போது ஒஸ்லோவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் என்ன செய்ய? சொல்லு, செய்யிறன்.”

“முதல்லை அம்மான்ரை பேரைக் கழட்டுங்கோ. அந்தப் பெடியள் செல்லம்மா பாதை, செல்லம்மா பாதை எண்டு சொல்லிச் சிரிக்கிறாங்கள்.”

தொலைபேசியை யோகனிடம் கொடுக்கச் சொன்னேன். அவன்மேல் கோபப்படத் தயாராகத்தான் இருந்தேன்.

“உனக்குத் தெரியாதோடா மச்சான்?”

“தெரியும். ஆனால் அந்தப் பக்கம் நாங்கள் திரும்பியும் பாக்கிறேல்லை, வரம்பாலை சுத்திப் போறனாங்கள். கல்லுக் கிடக்கிறது எனக்கே தெரியாது. தாழையைத் தெரியும். அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னாலை, என்ரை மனிசி குளிக்கிற இடம் அது எண்டு நான் எழும்பிச் சொல்லுறதோ? நீயும் இந்த ஊர்ப்பெடியன்தானே, உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன். தெரிஞ்சுகொண்டுதான் செய்யிறாய், வெளிநாட்டிலை இதெல்லாம் வெக்கமில்லையாக்கும் எண்டும் நினைச்சன்.”

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பலகையை அன்றைக்கே கழற்றிவிட்டான்.

ஒரு மரத்துக்காக நோர்வேயில் எத்தனை வீட்டின் கதவைத் தட்டினோம் என்பதை அந்த இரவில் நினைத்துக்கொண்டிருந்தேன். யன்னலால் பறவை பார்க்கும் மூதாட்டிக்காகக் கூடிய கூட்டத்தில் நானும் ஒரு கதிரையில் இருந்தேன். அலுப்பில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

பாதையை மூடிவிடலாம் என்று நினைத்து, அதற்குப் பொறுப்பான கந்தோருக்கு எழுதினேன். மறுமொழி வரவில்லை. தொலைபேசி எடுத்தேன். ஒரு எழுதுவினைஞர் மிக மரியாதையாகப் பேசினார்.

“ஐயா, அது இப்ப பொதுப்பாதையாய்ப் பதிஞ்சாச்சு. மூடேலாது. நீங்கள்தானே கேட்டனீங்கள்? உங்கடை கையெழுத்தோடை கிடக்கு. நல்ல சேவை ஐயா. நாங்கள் அதுக்கு வெளிச்சம் போடுறதுக்கும் எழுதியிருக்கிறம்.”

வெளிச்சம் போடப்போகிறார்கள் என்பதை ஆரணிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கி, பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான் மறுபடியும் ஊருக்குப் போனது அடுத்த வருடம் ஐப்பசியில். மாரிக்கு முன் நட்டால்தான் எதுவும் பிடிக்கும் என்று சரசு சொல்லியிருந்தாள். ஆடியில் நான் நட்ட மருதங்கன்றுகள் எல்லாம் அந்த ஆவணியிலேயே கருகிப்போயிருந்தன. ஆரணி எனக்கு முன்னமே தனியாக டிக்கற் எடுத்துப் போய்விட்டாள். எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள், கேட்டுவிட்டுப் போகவில்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். ஒரே ஒரு ஆணாக அந்த மண்டபத்தில் நின்றேன். சரசு கடைசி வாங்கில் தனியாக இருந்தாள். அவளுக்கு இருபுறமும் இடம் வெறுமையாய்க் கிடந்தது. எழுதிக்கொண்டுபோன பேச்சை எடுத்தேன். மடித்து வைத்துவிட்டு, “நான் பிழை செய்துபோட்டன். இப்ப என்ன செய்யவேணும் எண்டு உங்களைக் கேக்க வந்தனான்” என்றேன்.

“எங்களையோ?” என்றார் பூமணியக்கா. “அப்ப எத்தனை பேருக்குச் சமைக்கோணும்?”

மண்டபம் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு அடங்கியதும் அவருடைய குரல் மாறியது.

“தம்பி, நாங்கள் திரும்பி வரேக்கை இந்த ஊரிலை ஒண்டும் இல்லை. கூரையைக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். கதவு இல்லை, யன்னல் இல்லை, கிணத்துக்குள்ளை என்ன கிடக்கெண்டு தெரியாது. ஆனால் மடுவடிக்குப் போனால் கல்லெல்லாம் வைச்ச இடத்திலை வைச்சபடி கிடந்துது. எங்கடை ஆச்சிமார் மடுமாதா கோயில் றோட்டுப் பக்கமிருந்து வண்டிலிலை ஏத்திக்கொண்டு வந்த கல்லுகள். அதிலை இருந்து தண்ணி அள்ளி ஊத்தேக்கைதான் ஊருக்கு வந்திட்டம் எண்டு நினைச்சனாங்கள். ஆமிக்காரன் எடுக்கேல்லை. கள்ளன் எடுக்கேல்லை. நீங்கள் எடுத்திட்டியள்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“பாதையை மூட கந்தோர் விடாதாம் அக்கா” என்றேன் கடைசியில். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளையின் குரலாகக் கேட்டது.

“கந்தோர் என்னத்துக்கு? நாங்கள் தாழை நடுவம், தாழை வளரும். பாதையிலை மரம் வளர்ந்துபோச்செண்டு ஆரைப் பிடிச்சு வழக்குப் போடுறது?”

“பெக்கோ பிடிக்கட்டோ?”

“பெக்கோவும் வேண்டாம், பெக்கோக்காரனும் வேண்டாம். ஆம்பிளையள் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரப்படாது. கல்லை நாங்கள் கிண்டி எடுப்பம், நாங்கள் நடுவம். நீங்கள் சமையுங்கோ.”

“எங்கை எங்கை நடுறதெண்டு ஒரு அளவு...” என்று தொடங்கிவிட்டேன். பழக்கதோஷம்.

“அளவோ? உங்கடை கண் படுற இடத்திலையெல்லாம் தாழை நிக்கோணும். அதுதான் அளவு.”

8

அந்தச் சனிக்கிழமை சங்கக் கட்டடத்தின் பின்புறம் மூன்று கல் அடுப்பு மூட்டினோம். யோகனும் நானும் இன்னும் சில ஆண்களும். விடிந்ததும் பெண்கள் அலவாங்கு, மண்வெட்டி, சாக்கில் கட்டிய தாழங்கன்றுகளோடு வந்தார்கள். ஆரணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களுக்குள் நின்றாள். யாரோ அவள் தலைக்கு ஒரு துவாயைச் சுற்றிவிட்டார்கள். சரசுவும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

“நீ நில் சரசு” என்றார் பூமணியக்கா. “உன்ரை அண்ணைக்கு உப்புப் புளி தெரியாது. நிண்டு பாத்துக்கொள்.”

சரசு மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள். என் பக்கத்தில் வந்து இருந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். பெண்கள் போய்விட்டார்கள். நாங்கள் ஓடைப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தோம். அலவாங்கு கல்லில் படும் சத்தம் கேட்டது. நான் அன்றைக்கு இறுக்கமாக அடுக்குவித்த கற்கள். எடுப்பது இலேசாக இராது என்று எனக்குத் தெரியும். இடையிடையே கூட்டமாக ஒரு கூச்சல் எழும். ஒவ்வொரு கூச்சலுக்கும் சரசுவின் கை ஒருகணம் நிற்கும்.

“ஒவ்வொண்டாய் வருது” என்றாள் ஒருமுறை, தனக்குள்ளே.

“தங்கட கல்லெண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பினம்?” என்று கேட்டேன்.

“கால் வைச்சால் தெரியும்.”

வெயில் ஏறியது. கூச்சல்களுக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டு வந்தது. அவர்கள் அநேகமாக எல்லாவற்றையும் எடுத்திருப்பார்கள். சரசு உரிக்க வெங்காயம் இல்லை. உரித்ததையே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். யோகன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். அந்த ஒரு காலைப்பொழுதில் என் தங்கை இருந்த இருப்பை எழுத எனக்குத் தெரிந்த மொழிகளில் சொல் இல்லை.

பிறகு ஆரணி ஓடிவந்தாள். முழங்கால்வரை சேறு.

“மாமி, உங்களை வரட்டாம். அப்பம்மான்ரை கல்லு வந்திட்டுது. ரெண்டாய் வெடிச்சுப்போச்சு, ஆனால் அதுதானாம். பூமணி அன்ரி கூப்பிடுறா, கெதியாய் வரட்டாம்.”

சரசு எழுந்தாள். மண்வெட்டியை எடுக்கக்கூட இல்லை. என்னைப் பார்க்காமலே போனாள். நான் பின்னால் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் அழும் சத்தமும், மற்றவர்கள் அதட்டுவதும், எல்லாரும் ஒன்றாகச் சிரிப்பதும் கேட்டது. உடைத்தது பெக்கோவா, நான் மேலே இடித்த கிரவலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோகன் கத்தினான்: “டேய், சோறு!”

மதியம் பெண்கள் ஈரத்தலையோடு வந்தார்கள். தாழங்கன்று முழங்கால் உயரம்கூட இல்லை. ஆள் உயரத்துக்கு வர வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் கம்பு நட்டுப் பழைய சீலைகளைக் கட்டியிருக்கிறார்களாம். வாங்கை எப்படியோ புரட்டி, தண்ணிக்குள் இறங்கும் படியாக வைத்துவிட்டார்களாம். இதெல்லாம் யோகனின் காதில் விழுந்து எனக்கு வந்தவை. சரசு அவர்களுக்கு நடுவில், பூமணியக்காவின் தோளில் சாய்ந்தபடி தட்டோடு இருந்தாள். உடைந்த கல்லை எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை.

நானே பரிமாறினேன். பூமணியக்கா ஒரு வாய் வைத்து, மென்று, நிறுத்தினார்.

“தம்பி, சோறு அடிப்பிடிச்சுப்போச்சு.”

“ஓம் அக்கா.”

“பருப்புக்கு உப்பும் காணாது.”

“ஓம் அக்கா.”

“போனமுறை வாயை மூடிக்கொண்டு இருந்து பட்டது காணும். இனி எல்லாம் முகத்துக்கு நேரைதான் சொல்லுவன், கேட்டுக்கொள்ளுங்கோ.”

பெண்கள் சிரித்தார்கள். சரசுவும் சிரித்தாள். நான் அடிப்பிடித்த பானையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அங்கிருந்து நிமிர்ந்தால் ஓடைப்பக்கம் தெரியும். சாம்பலும் தும்பும் வைத்து, குனிந்த தலை நிமிராமல், கறுப்புப் போகும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன்.